எண்ணெய் விற்க மறுத்தவர்

1931ஆம் ஆண்டு ஜூலை மாதம் பதினான்காம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். தூறல். குடையை விரித்தால் பைத்தியக்காரன் போலவும் விரிக்காவிட்டால் நனைந்த கோழி போலவும் ஆக்கிவிடுகிற கண்டித் தூறல். அந்த நேரத்தில், மார்க்கட்டுக்குப் பின்புறத்து ஒழுங்கையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஒருவர் எனக்கு அரைப் போத்தல் மண்ணெண்ணெய் விற்க மறுத்தார். கடையில் மண்ணெண்ணெய் இருந்தது. என் கையில் காசு இருந்தது. ஆனாலும் மறுத்தார். ஐம்பத்தைந்து வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவருடைய பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், அல்லது விருந்துக்குக் கூப்பிடுவார்கள். இரண்டும் என் வயதுக்கு ஒத்துக்கொள்ளாது. ஊரில் எல்லோரும் அவரை நானா என்றார்கள். கண்டிச் சோனக முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். அவரைவிட மூத்தவர்களும் நானா என்றே சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

நான் ஹந்தானை மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இரண்டாவது கிளாக்கர். வயது இருபத்தேழு. வடக்கே படித்துப் பரீட்சை தேறி, உத்தியோகம் தேடி மலைக்கு வந்தவன். எதையும் எண்ணுவது என் பழக்கம். தோட்டத்து அலுவலகத்திலிருந்து அந்தக் கடை வாசல் வரை ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து அடி. அத்தனை அடியும் சேற்றில் வைத்து இறங்கி வந்தவனிடம் அந்த மனிதர் "வாங்க, இருங்க" என்றுகூடச் சொல்லவில்லை.

"மண்ணெண்ணெயா? என்னத்துக்கு?"

"ஒரு சாமான் இறுகிப்போச்சு நானா."

"என்ன சாமான்?"

"தராசு."

"எத்தின மழ கண்டீக்கி?"

"அதெல்லாம் உங்களுக்கு ஏன்? அரைப் போத்தல் தாங்கோ. நான் போகோணும்."

"ஆரு அடிச்ச?"

"ஒருத்தரும் அடிக்கேல்லை."

"ஆரும் அடிக்காம என்ட கடைக்கு ஒரு சாமானும் வந்ததில்ல," என்று சொல்லி, மண்ணெண்ணெய் டின்னின் மூடியைத் திருகி இறுக்கினார். "தராசக் கொண்டு வாங்க கிளாக்கர் ஐயா. எண்ணெய் அங்க வராது. தராசு இங்க வரணும்."

இந்த மூன்று கேள்விதான் அவர். என்ன சாமான், எத்தனை மழை பார்த்தது, யார் அடித்தது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாதவனுக்கு அந்தக் கடையில் ஒரு சொட்டும் கிடைக்காது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அப்போதிக்கரி கூட நாக்கை நீட்டச் சொல்லிவிட்டு மருந்தைக் கொடுத்துவிடுவார்.

கடைக்குப் பின்சுவரில் ஓர் அலுமாரி. அதில் பதினான்கு போத்தல்கள். ஒன்பதில் சீட்டு ஒட்டியிருந்தது. தமிழ்ச் சொற்கள்தான், ஆனால் அரபு எழுத்தில் எழுதியவை. வாங்க வருகிறவன் தானாக வாசித்து, தானாக ஒன்றைக் கைகாட்டிவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி எழுதியிருந்தார் என்பது என் அபிப்பிராயம். மண்ணெண்ணெய், கற்பூரத் தைலம், தையல் மெஷின் எண்ணெய், மணிக்கூட்டு எண்ணெய், தெற்கிலிருந்து வரும், எலுமிச்சை மணக்கிற பங்கிரிப் புல்லின் தைலம், மீதி அவரே கலந்து வைத்தவை. துருவில் இறுகினதற்கு ஊர்ந்து உள்ளே போகிற மெல்லிய எண்ணெய் வேண்டும். பிசினில் இறுகினதற்கு எண்ணெய் கூடாது, கரைக்கிற தைலம் வேண்டும். அடிபட்டு வளைந்ததற்குப் பதினான்கில் எதுவும் ஆகாது. இதை அவர் எனக்கு உட்கார்த்திச் சொல்லித் தரவில்லை. மற்றவர்களைத் திருப்பி அனுப்பும்போது போட்ட சத்தத்திலிருந்து நானே பொறுக்கிக்கொண்டது.

திருப்பி அனுப்பியது கொஞ்சமா? வத்தேகமப் பக்கத்து ஒரு துரையின் கார் டிரைவர் ஒரு நாள் வந்தான். சில்லு நட் கழலவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதித்தாயிற்று. இருக்கிற எண்ணெயில் விலை கூடியதாகப் பார்த்துத் தரும்படி கேட்டான். நானா காரடியில் போய்க் குனிந்து பார்த்தார்.

"எந்தப் பக்கம் மிதிச்சீங்க?"

"எல்லா நட்டையும் எந்தப் பக்கம் கழட்டுவாங்களோ அந்தப் பக்கந்தான். என்னா கேள்வி இது?"

"இது இடது சில்லு. இதுக்குப் புரி மறுபக்கம். விடியத்தில இருந்து நீங்க கழட்டல்ல தம்பி, இறுக்கீக்கீங்க."

டிரைவர் காசை நீட்டியபடியே நின்றான். அதை வாங்கியிருந்தால் இருவருக்கும் மரியாதையாகப் போயிருக்கும். நானா வாங்கவில்லை. ஒழுங்கையில் நின்ற ஏழு பேருக்கும் கேட்கும்படி, "எண்ணெயில்ல, நட்டுக்கிட்ட மாப்புக் கேளுங்க!" என்றார். அந்த டிரைவர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வந்ததில்லை. நல்ல வாடிக்கை ஒன்று போயிற்று.

மலையடிவாரத்துக் கோயில் தர்மகர்த்தா ஒரு மார்கழிக் காலையில் உண்டியல் பூட்டோடு வந்தார். திறப்பு திரும்பவில்லை. நானா பூட்டை உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, "தேங்காயெண்ணெய் ஊத்தினீங்களா?" என்றார். ஊற்றியிருந்தார்கள். அந்தக் குளிருக்குத் தேங்காயெண்ணெய் வெண்ணெய் போல உறைந்து உள்ளே அடைத்திருந்தது. "ஒரு மணித்தியாலம் வெயில்ல வைங்க," என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார். தர்மகர்த்தா வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு எதையாவது விலைக்குக் கேட்டார். "வெயிலுக்குச் சல்லி எடுக்கிற இல்ல," என்றார் நானா. கடை நடத்துகிறவன் பேசுகிற பேச்சா இது?

அவருடைய கடைக் கதவுப் பலகை ஒன்று அடியில் இறுகிக் கிடந்தது. தினமும் காலையில் தோளால் முட்டித் தூக்குவார். பதினான்கு போத்தலை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். எந்த மருமகன் அதை அறைந்து சாத்தினான் என்று இன்னும் தெரியவில்லையாம். நான்கு மருமகன்மார். ஒருவனும் ஒப்புக்கொள்ளவில்லையாம்.

இப்போது வத்தேகமவில் எண்ணெயை டின்னில் அடைத்து விற்கிறார்கள். பொத்தானை அமத்தினால் பீச்சியடிக்கிறது. எதற்கு என்று விற்கிறவன் கேட்பதில்லை, வாங்குகிறவன் சொல்வதில்லை. போன மாதம் என் கிணற்றுக் கப்பிக்கு ஒரு டின் வாங்கினேன். கடைக்காரன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அதற்கும் எனக்குக் கோபம்தான் வந்தது. சரி, தராசுக்கு வருகிறேன்.

தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு மடுவம் என்று பெயர். பெண்கள் பறித்த கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் அங்கே கொண்டுவந்து நிறுப்பார்கள். மணிக்கூடு போல வட்ட முகமும் ஒரு முள்ளும் உள்ள தொங்கு தராசு. கொக்கியில் சாக்கை மாட்டியதும் முள்ளைப் பார்த்து இறாத்தலைச் சத்தமாகச் சொல்லி எழுதுவது என் வேலை. ஒரு சாக்குக்கு நான்கு விநாடி. அன்றைக்கென்று வைத்த இறாத்தல் நிரம்பினால் அவளுக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் கூலி. ஓர் இறாத்தல் குறைந்தாலும் அரைப்பேர், பாதிக் கூலி. மழை நாளில் இலையில் இருக்கிற தண்ணீருக்கென்று ஓர் இறாத்தல் கழிப்பது வேறு.

ஜூலை தொடங்கியதும் அரைப்பேர்கள் கூடின. எல்லோரும் முணுமுணுத்தார்கள். வாய் திறந்து சொன்னது அஞ்சலை என்ற பெண். முப்பது வயதிருக்கும். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள்.

"சின்னக் கிளாக்கரையா, நல்லாப் பாருங்க. முள்ளு தூங்குது."

"முள்ளு தூங்கேல்லை. நீதான் குறைச்சு எடுத்திருக்கிறாய்."

"என் கை பொய் சொல்லாதுங்க. பதினேழு வருசமா இதே கைதான். உங்க முள்ளுதான் புதுசாப் பொய் பேசப் பழகிருச்சு."

வரிசையில் நின்ற பத்தொன்பது பெண்கள் சிரித்தார்கள். நான் எண்ணினேன். அன்றைக்கும் அவளுக்கு அரைப்பேர்தான் எழுதினேன்.

பிறகுதான் பெரிய கிளாக்கர் என்னை மண்ணெண்ணெய்க்கு அனுப்பினார். புதுத் தராசு வாங்குகிற பேச்சே எடுக்க முடியாது. தேயிலை விலை விழுந்திருந்த காலம். எங்கள் தோட்டத்துத் துரை பென்சிலைக்கூட இரண்டாக வெட்டிக் கொடுத்தார். நானா மறுத்த சேதியைக் கேட்டதும் பெரிய கிளாக்கர், "அப்ப தராசையே கொண்டுபோம்," என்றார்.

வெள்ளிக்கிழமை அதைச் சாக்கில் சுற்றினேன். தூக்க ஓர் ஆள் கேட்டேன். அஞ்சலை வந்தாள்.

"நான் தூக்கிட்டு வர்றேங்க. இத்தன நாளா அது என்னய நிறுத்துச்சு. இன்னிக்கி நான் அத நிறுக்கிறேன்."

கடையில் அவள் படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். நானா முதலில் தராசைத் திறக்கவில்லை. விட்டத்தில் தொங்கவிட்டு, அரசாங்க முத்திரை குத்திய இருபத்தெட்டு இறாத்தல் படிக்கல்லைக் கொக்கியில் மாட்டி, "மடுவத்தில பாக்கிற மாதிரிப் பாருங்க," என்றார். நான்கு விநாடியில் பார்த்தேன். இருபத்தைந்தே முக்கால். கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முள் நத்தை போல ஏறியது. முப்பத்தோராவது விநாடியில் இருபத்தேழரைக்கு வந்தது.

"பாத்தீங்களா? கொஞ்சம் பொறுத்தா அதுவும் உண்ம செல்ல வருது. ஒங்கட மடுவத்தில ஆரு பொறுக்கிற?"

பின்மூடியின் நான்கு ஆணிகளையும் கழற்றி மூக்கை உள்ளே விட்டார். சுண்டுவிரல் நகத்தால் எதையோ சுரண்டி, பெருவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இடையில் வைத்து இழுத்தார். மஞ்சளாக, நூல் போல நீண்டது. அதில் கொழுந்துத் தூசு பூனைமயிர் மாதிரி ஒட்டியிருந்தது.

"கிளாக்கர் ஐயா, இது துருவில்ல. இது எள்ளு. ஆரோ தராசுக்கு எண்ணெய் வெச்சி முழுக வாத்தீக்கி."

படியில் அஞ்சலை முந்தானையால் வாயை மூடினாள்.

"ஆரு ஊத்தின?"

"எனக்குத் தெரியாது."

 நானா மூடியை எடுத்து வைத்து ஆணியைப் பூட்டத் தொடங்கினார். ஒன்று. இரண்டு.

"என்ன செய்யிறியள்? பிசின் எண்டுதான் கண்டுபிடிச்சாச்சே. கரைக்கிறதுக்கு ஊத்தின ஆளின்ர பேர் ஏன்?"

"இன்டக்கி நான் கரைப்பன். நாளக்கி அவன் மறுக்கா ஊத்துவான். மாசா மாசம் ஒங்கட தோட்டத்துத் தராசு கழுவ எனக்கு ஏலா. கொண்டு போங்க."

மூன்றாவது ஆணி பாதி இறங்கியபோது நான் சொன்னேன். ஒரு கூலிப் பெண்ணும் ஒரு கடைக்காரரும் பார்த்திருக்க, பரீட்சை தேறிய ஓர் உத்தியோகத்தன் சொல்லவேண்டியிருந்தது.

ஜூன் மூன்றாம் திகதி முள் இலேசாகச் சிக்கியது. மடுவத்துக் கங்காணிக்கு நான் ஒரு துண்டு எழுதி அனுப்பினேன். "தராசுக்கு நல்ல எண்ணெய் இடவும்." நல்ல, பிறகு எண்ணெய். நடுவே ஓர் எழுத்து அளவு இடம் விட்டுத்தான் எழுதினேன். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன். ஆனால் கங்காணிக்கு வாசிக்கத் தெரியாது. அவருடைய மருமகன் வாசித்துச் சொன்னான். வாசிக்கும்போது இடைவெளிக்குச் சத்தம் ஏது? நல்லெண்ணெய் என்றே கங்காணியின் காதில் விழுந்தது. தராசுக்கு நல்லெண்ணெயா என்று அவர் கொஞ்சம் யோசித்தாராம். அலுவலகத்திலிருந்து இதைவிட விசித்திரமான உத்தரவெல்லாம் வந்திருப்பதால், மனைவி சனிக்கிழமை முழுக்குக்கு வைத்திருந்த போத்தலிலிருந்து தாராளமாக ஊற்றிவிட்டார். முதல் இரண்டு வாரம் முள் துள்ளி ஓடியது. பிறகு ஈரமும் தூசும் சேர, அது பிசினாயிற்று.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று நானா கேட்டார். கேட்காமல் விடுவாரா? ஜூலை நாலாம் திகதியே கங்காணி என்னிடம் வந்து, "ஐயா, நம்ம வீட்டுல அந்த நல்லெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் கேக்குறாங்க," என்று சொல்லியிருந்தார். எண்ணெய் எதுவானால் என்ன, எல்லாம் வழுக்கத்தானே செய்யும் என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். பதின்மூன்று நாள்.

நானா சிரித்தார். நல்ல எண்ணெய், நல்ல எண்ணெய் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்து, இருமி, கண்ணைத் துடைத்து, மறுபடியும் சிரித்தார். அஞ்சலை சிரிக்கவில்லை. விரலை மடக்கி ஏதோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

மண்ணெண்ணெயில் பங்கிரித் தைலம் கலந்து உள்ளே ஊற்றி ஊறவைத்தார். மணி பன்னிரண்டு ஐந்து. ஜும்மாத் தொழுகைக்குப் போகவேண்டும். துருக்கித் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு, "தொடப்படாது," என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். அஞ்சலையைப் பார்த்து அல்ல.

ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் நான் கடையிலிருந்த ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தேன். முள் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. கல்லாவில் ஒரு சுத்தியல் கிடந்தது. அதன் மரப்பிடியால், மெதுவாகத்தான், தட்டினேன்.

அவர் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றும் முன்பே தராசைப் பார்த்தார்.

"ஆரு அடிச்ச?"

"மூண்டு தரந்தான். மெல்லமா."

"நாலுங்க மொதலாளி," என்றாள் அஞ்சலை.

என் வாழ்நாளில் எண்ணிக்கையில் என்னைத் திருத்தியவர்கள் மிகக் குறைவு. அது மூன்றா நான்கா என்று நான் இன்னும் யோசிப்பதுண்டு.

பிசின் கரைந்து பழுப்புத் தண்ணீராக வடிந்தது. உடுத்துப் பழசான சாரம் ஒன்றைக் கிழித்துத் துடைத்தார். பிறகு மணிக்கூட்டு எண்ணெய். இரண்டே சொட்டு. அரைப் போத்தல் கேட்டு வந்தவன் நான். படிக்கல்லை மாட்டினார். முள் ஒரே பாய்ச்சலில் இருபத்தெட்டில் போய் நின்றது. அஞ்சலை எழுந்து வந்து, அவரே கழற்றப் போன கல்லைத் தான் கழற்றி, மறுபடி தானே மாட்டிப் பார்த்தாள். இருபத்தெட்டு.

பிறகு பில் எழுதினார். அந்த மனிதருடைய பில்லில் வேறெந்தக் கடையிலும் இல்லாத ஒரு வரி உண்டு. காரணம் என்று ஒரு வரி. எதனால் இறுகியது என்று எழுதித்தான் கையெழுத்து வைப்பார். என் பில்லில் முதலில், தமிழ் எழுத்திலேயே, "காரணம்: நல்லெண்ணெய்" என்று எழுதினார். பென்சிலை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"இத ஒங்கட துரைக்கு இங்கிலீசில ஆரு வாசிக்கிற?"

"நான்தான்."

"எப்பிடி வாசிப்பீங்க? நல்ல எண்ணெய் ஊத்தின என்டா?"

எனக்கு அந்த எண்ணம் அதுவரை வரவில்லை. அவர் சொன்ன பிறகுதான் வந்தது. 'நல்ல எண்ணெய் இடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் வாசித்திருந்தால் அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. துரை தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார். நானா நல்லெண்ணெயை அடித்துவிட்டு எள்ளெண்ணெய் என்று எழுதினார். அதோடு விட்டாரா? கீழே எண்ணில் எழுதினார்: 44 நாள். 28க்கு 2¼ குறைவு. இலக்கத்தை எந்தத் துரையும் வாசிப்பான்.

"நானா, அந்த வரி வேண்டாம். உங்கட கூலி ஒரு ரூபா இருபத்தஞ்சு சதம் மட்டும் எழுதுங்கோ. எனக்கு உத்தியோகம் போகும்."

"போகாது. ஏசுவான்."

"அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கிளாக்கர் ஐயா, நான் ஒன்டு கேக்கிறன். அந்த ரெண்டேகால் றாத்தல் எங்க போச்சி?"

"எங்கையும் போகேல்லை. தராசு காட்டேல்லை, அவ்வளவுதான்."

"அப்ப கொழுந்து?"

 அஞ்சலைதான் சொன்னாள். "பெக்டரிக்குத்தான் மொதலாளி போச்சு. வேற எங்க போவும்? தூளாகிக் கப்பலும் ஏறியிருக்கும்."

திரும்பும்போது அவள் தராசைத் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஏறினாள். மழை விட்டிருந்தது. இரண்டாயிரத்துச் சொச்சம் அடி ஏறினோம். பிறகு திரும்பாமலே கேட்டாள்.

"அந்தத் துண்டுல என்னாங்க எழுதியிருக்கு?"

"கணக்கு."

"யாரு கணக்குங்க?"

"கடைக் கணக்கு."

"எனக்குப் பதினோரு அரைப்பேருங்க," என்றாள். "அஞ்சரை நாள் கூலி. பெரியவளுக்குக் காய்ச்சல் வந்து கெடந்தப்பதான் அதுல ஆறு."

நாற்பத்துநான்கு நாளும் நான் எழுதிய பதிவு. எழுதியவன் கூட்டிப் பார்க்கவில்லை. எழுத்துத் தெரியாதவள் கூட்டி வைத்திருந்தாள். ஒரு ரூபா இருபத்தைந்தை என் பையிலிருந்து கொடுத்து, பில்லைக் கிழித்து ஓடையில் போட்டிருக்கலாம். ஏறும் வழியில் மூன்று ஓடை. மூன்றிலும் தண்ணீர் ஓடியது. மூன்றையும் கடந்து, பில் சட்டைப்பையில் இருக்க, அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தேன். அதற்கு என் நேர்மை காரணம் என்று சொல்ல ஆசைதான். மூன்று இடத்திலும் அவள் நின்று, நான் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதுதான் காரணம்.

சனிக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்குத் துரையின் மேசையில் பில்லை வைத்தேன். அவருடைய விரல் நேரே 2¼இல் போய் நின்றது. இது என்ன என்று கேட்டார். சொன்னேன். எண்ணெய் பற்றிக் கேட்டார். எள்ளெண்ணெய் என்று சரியான ஆங்கிலத்தில் சொன்னேன். துண்டு எழுதியது யார் என்றார். நான் என்றேன். ஒன்பது நிமிடம் ஏசினார். உத்தியோகம் போகவில்லை. அதிலும் அந்தக் கடைக்காரர் சொன்னதே சரியாயிற்று.

துரையின் தீர்ப்பு இது. சுற்றுவட்டாரத்தில் பேச்சு வராமல் இருக்க, பிழையாக விழுந்த அரைப்பேர்களை முழுப்பேராக்கிக் காசு கொடுத்துவிடவேண்டும். எழுதியவன் கட்டவேண்டும். பில் காசையும் அவனே கட்டவேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எண்ணினேன். நூற்று முப்பத்தாறு அரைப்பேர்.

சம்பள நாளில் நானே மேசையில் வைத்துக் கொடுத்தேன். அஞ்சலை காசை எண்ணினாள்.

"யாரு காசுங்க இது?"

"தோட்டத்துக் காசு."

"தோட்டம் என்னிக்குங்க ஐயா திருப்பிக் குடுத்திருக்கு?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்த முறை கண்டிக்கு இறங்கியபோது, நியாயம் கேட்கவே நானா கடைக்குப் போனேன். அவரால் வந்த நட்டத்தை அவர் முகத்துக்கு முன்னால் சொல்லவேண்டும் என்று ஏழாயிரத்து இருநூற்றுப் பத்து அடியும் வார்த்தை அடுக்கிக்கொண்டு போனேன். அவர் குறுக்கே கேள்வி கேட்டார்.

"கங்காணி எவ்வளவு கட்டின?"

"ஒண்டுமில்லை."

"பெரிய கிளாக்கர்?"

"ஒண்டுமில்லை."

"துரை?"

"ஒண்டுமில்லை."

"பெக்டரிக்குப் போன கொழுந்து? முழுப்பேர் எடுத்த பொம்புளயளுக்கும் ஒவ்வொரு சாக்கிலயும் ரெண்டேகால் போயீக்கே. அதுக்கு?"

"அதை ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீங்களும் கேக்கல்லயா?"

"நானும் கேக்கேல்லை."

அந்த மனிதர் எதையும் அடித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு முஷ்டியை மடக்கி அலுமாரிப் பலகையில் ஓங்கி அடித்தார். பதினான்கு போத்தலும் துள்ளின. ஒன்று விழுந்து உடைந்து, கடை முழுக்கப் பங்கிரிப் புல் வாசம் அடித்தது. ஒழுங்கையில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்க்கவில்லை. மலைப்பக்கம் பார்த்து, எங்கள் தோட்டத்தையும் துரையையும் கப்பலையும் சேர்த்து ஏசினார். துரையைத் தனியே வீட்டில் ஏச நான் வைத்திருந்த வார்த்தைகளைவிட அவை நன்றாக இருந்தன. எனக்காக, என் பக்கத்தில் நின்று, இன்னொருவர் அப்படிக் கோபப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏசி முடித்ததும் உடைந்த போத்தலின் விலை அறுபது சதத்தை என்னிடம் கேட்டு வாங்கினார். நான் கொண்டுபோன செய்தியால் உடைந்ததாம். அரைப்பேர்களுக்கு இருபத்தேழு ரூபா எண்பத்தெட்டு சதம். பில்லுக்கு ஒரு ரூபா இருபத்தைந்து சதம். போத்தலுக்கு அறுபது சதம். ஆக மொத்தம் எனக்குப் போனது இருபத்தொன்பது ரூபா எழுபத்துமூன்று சதம்.